மாலைக்காரர் கை கொடுத்த வீடு

ஆரணியில் யார் செத்தாலும் எமனுக்கு அடுத்தபடி சேதி தெரிவது மாலைக்காரருக்குத்தான். பூக்கடைக்காரர் இல்லை, பட்டுத்தறிக்காரர். துக்க வீட்டுக்கு மாலையோடு முதல் ஆளாக வந்து நிற்பதால் அந்தப் பெயர். ஒருமுறை டாக்டருக்கும் முன்னாலேயே வந்துவிட்டார். படுத்திருந்தவர் மாலையைப் பார்த்த கோபத்திலேயே எழுந்து, ரொம்ப வருஷம் இருந்தார்.

இவர் எனக்குச் சம்பந்தி. அவர் மகளும் என் மகனும் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார்கள். போன வருஷம் எங்களை வரவழைத்து ஆற்றுக் கப்பலில் ஏற்றினார்கள். வழியில் ஒரு பழங்காலத்து ஊர். கோட்டை மதில், கல் பாவிய தெரு, சாய்ந்த மர வீடுகள். பிள்ளைகள் கோபுரம் ஏறப் போனார்கள். எனக்கு முட்டி வலி. நாலு மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும், இங்கேயே இருங்கள் என்றாள் மருமகள். யார் வீட்டுக்குள்ளும் போகக்கூடாது என்று அப்பாவுக்குத் தனியாகவும் சொன்னாள்.

ஊரில் ஈ காக்கை இல்லை. மாலைக்காரர் முகம் மாறியது. எங்கள் தெருவில் சாவு விழுந்தால்தான் தறிச்சத்தம் மொத்தமும் நிற்கும்.

"தங்கச்சி, ஏதோ ஆயிட்ச்சி. ஒரு தறியும் ஓடல பாரு."

"இங்க ஏது தறி? சும்மா இருங்கண்ணா."

"அதோ, கதவுலயே மாலை மாட்டிகீறாங்க."

நிஜமாகவே ஒரு கதவில் பூ வளையம் தொங்கியது. அழகுக்கு மாட்டுவார்களாம், பிறகுதான் தெரிந்தது. அவர் செருப்பைக் கழற்றினார், துண்டை இடுப்பில் கட்டினார், கதவைத் தட்டினார். கண் சிவந்து, தலை கலைந்த ஒரு பெண் திறந்து, உதட்டில் விரல் வைத்தாள். இதற்குமேல் அவருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? துக்கத்துக்குக் கை கொடுக்க இரண்டு கையையும் நீட்டி, ஏழு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

உள்ளே குழந்தை வீறிட்டது.

பிறந்து ஒரு மாசம்கூட இருக்காது. அப்போதுதான் தூங்க வைத்திருக்கிறாள். தூக்கிக்கொண்டு வந்தவள், என்னைப் பார்த்து நம்பிக்கை வந்ததோ என்னவோ, நீட்டியபடியே இருந்த அந்தக் கைகளில் குழந்தையைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒப்பாரிதான். அதையே மெல்லப் பாடினார். குழந்தை அடங்கியது. தாய் தூங்கியே போனாள்.

ஆற்றில் கப்பல் ஊதியது.

"ஜல்தி வாங்கண்ணா, வுட்டுட்டுப் போயிடுவான்."

"நான் எழுப்பிவுட்ட கொழந்த. நல்லா தூங்கட்டும், வரேன். நீ போ."

எப்படிப் போவது? நானும் நின்றேன். கப்பல் மறுபடி ஊதியது. அவர் சட்டையைப் பிடித்திருந்த பிஞ்சு விரல் தளர்ந்த பிறகுதான் தொட்டிலில் விட்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஓடினோம். முட்டி வலி எங்கே போனதோ.

ஏறுபலகையை எடுக்கிற நேரம் போய்ச் சேர்ந்தோம். மருமகள் அழுதுகொண்டிருந்தாள். மகன் கப்பல்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். கப்பலே திரண்டு வந்து மாலைக்காரரை முறைத்தது. அவர் மெல்ல என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

கையைப் பிடித்து அவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். மகனிடம் சொன்னேன்: "இவங்க பாஷையில எல்லாருக்கும் சொல்லுடா. இவரு எங்க சம்பந்தின்னு."