தெருவைப் பார்த்துத் திரும்பிய செருப்புகள்

பூந்தமல்லி சாலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சல்லடை போட்டுச் சலித்தாலும், அடுத்தவர் செருப்பை இவ்வளவு மரியாதையாக நடத்திய இன்னொரு மனிதரை நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. பந்தயம் கட்ட நான் தயார். மனிதர்களுக்கே மரியாதை இல்லாத காலத்தில் செருப்புக்கு என்ன மரியாதை என்று கேட்பீர்கள். கேளுங்கள். நாங்களும் அப்படித்தான் கேட்டோம்.

நூம்பலில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்து வீடு அவருடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய சொந்தப் பெயர் வீட்டுப் பத்திரத்தில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் செருப்பு நைனா. புதிதாகக் குடிவந்தவர்கள் முதல்முறை அந்தப் பெயரைக் கேட்டதும் யாருக்கோ அடி விழப்போகிறது என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அவர் செய்தது இவ்வளவுதான். எந்த வீட்டு வாசலில் விருந்தாளியின் செருப்பு கிடந்தாலும், குனிந்து, இரண்டு கையாலும் எடுத்து, ஜோடி சேர்த்து, வெளியே பார்த்தபடி திருப்பி வைத்துவிடுவார். நாம் உள்ளே போகும்போது செருப்பு உள்ளே பார்த்தபடி கழலும். கிளம்பும்போது திரும்பி நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் ஆட வேண்டும். நைனாவின் கை பட்டுவிட்டால் அந்த ஆட்டம் கிடையாது. காலை நுழைத்தோமா, நேரே நடந்தோமா என்று போய்விடலாம்.

என் அம்மாவுக்கு இது ஆகவே ஆகாது.

"அடுத்தவங்க செருப்பைப் போய் கையால தொடலாமா நைனா?"

"பெரியவங்க கால்ல உழறோம்ல? அந்தக் கால்ல கெடக்கிற செருப்ப தொட்டா இன்னா தப்பு கீது?"

பதில் இல்லாதபோது அம்மா காபி கொடுத்துவிடுவார்.

காஸ் சிலிண்டர் போட வருகிறவர் ஒருநாள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு எங்கள் சமையலறைக்குப் போய்த் திரும்பினார். செருப்பு திசை மாறி நின்றது. மேலே பார்த்தார், கீழே பார்த்தார், லிப்ட்டுக்குள் எட்டிப் பார்த்தார். யாரையும் காணோம். அடுத்த முறை வந்தபோது செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தார் மனிதர்.

குடியிருப்போர் சங்கத் தலைவருக்கு வேறு வகைக் கோபம். விலை உயர்ந்த ஷூ அவருடையது. ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அந்த ஷூவை, குப்பை வண்டி தள்ளி வரும் அம்மாவின் ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில், ஒரே வரிசையில் நைனா நிறுத்திவிட்டார். அவ்வளவுதான், அவசரக் கூட்டம். யார் செருப்பையும் யாரும் தொடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். முடித்துவிட்டு வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே லிப்ட் வரை போனார்கள். அங்கே போன பிறகுதான் யாருமே குனியவில்லை, யாருமே தேடவில்லை என்பது தலைவருக்கு உறைத்தது.

"நைனா, இப்பத்தானே தீர்மானம் போட்டோம்?"

"ஆமா சார், கேட்டுகினுதான் இருந்தேன். நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள எனக்கு வேல முட்ஞ்சிச்சு."

"அது போகட்டும். அன்னைக்கு என் ஷூவை ஏன் அந்தம்மா செருப்புப் பக்கத்துல வெச்சீங்க?"

"ரெண்டும் சண்ட போடாம நின்னுகினுதான் இருந்திச்சு சார்" என்றார் நைனா.

வெள்ளிக்கிழமை காலையில் மாங்காடு அம்மன் கோயில். அன்று மதியமே தொழுகை நேரத்தில் பூந்தமல்லியில் ஒரு பள்ளிவாசல். அங்கேயும் இதே வேலைதான். மாங்காட்டில் ஒருமுறை ஒரு பெண் அவரைக் கையும் செருப்புமாகப் பிடித்துவிட்டார். கூட்டம் கூடிவிட்டது. நைனா பதறவில்லை. செருப்பை அந்தப் பெண்ணின் காலுக்கு நேரே வைத்துவிட்டு, போட்டுப் பாரும்மா என்றார். போட்டுப் பார்த்தவர் அப்படியே நேரே நடந்து போய்விட்டார். ஏன் நைனா இந்த வம்பு என்று கேட்டேன்.

"சாமி கும்ட்டு வரசொல்ல மூஞ்சில ஒரு அமைதி கீதுல்ல பாப்பா? செருப்ப தேடுறதுல அது பூடும். அது போகாம வெளிய அனுப்புனா போதும் எனக்கு."

இந்த மனிதரால்தான் என் கல்யாணம் நின்றது.

நானும் டேனியலும் ஒரே அலுவலகம். எங்கள் வீட்டில் அவன் பெயரைச் சொன்ன அன்று அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். அவன் வீட்டில் என் பெயரைச் சொன்ன அன்று அவனுடைய அப்பா சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார், ஆனால் பேசவில்லை. தூத்துக்குடிக்காரர். ஆவடியில் வேலை பார்த்து, அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். இரண்டு அப்பாக்களையும் ஒரே அறையில் உட்காரவைக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். கடைசியில், சும்மா வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போகிறோம் என்ற ஒப்பந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தார்கள்.

அன்று எல்லாரும் தேவைக்கு மேல் நல்லவர்களாக இருந்தார்கள். அவர்கள் வழக்கத்தை யோசித்து, அம்மா தட்டில் குங்குமம் வைக்காமல் பூவும் பழமும் மட்டும் வைத்திருந்தார். டேனியலின் அம்மா அதைக் கவனித்துவிட்டு என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தட்டில் மிளகாய் பஜ்ஜி வந்தது. அப்பா ஒரு கடி கடித்த நேரத்தில் டேனியலின் அப்பா கண்ணை மூடி ஜெபம் செய்ய ஆரம்பித்தார். கடித்ததை மென்றால் மரியாதை இல்லை, துப்பினால் அதைவிட மோசம். அப்பா வாயை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். ஜெபம் கொஞ்சம் நீளம். மிளகாய் வேலையைக் காட்டி அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கண்ணைத் திறந்த டேனியலின் அப்பா அதைப் பார்த்து உருகிப்போய்விட்டார்.

"உங்களுக்கும் தேவ பயம் இருக்கு சார்" என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். எனக்குப் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது.

அப்போது டேனியலின் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனவர், திரும்பி வந்தபோது முகமே வேறாக இருந்தது.

"கிளம்பு" என்றார் மனைவியிடம்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலை எட்டிப் பார்த்தேன். அவர்கள் போட்டுவந்த அத்தனை செருப்பும் ஜோடி ஜோடியாக, அழகாக, லிப்ட்டைப் பார்த்து நின்றன.

"எங்க ஊர்ப் பக்கம், வந்தவன் செருப்பைத் திருப்பி வச்சா இடத்தைக் காலி பண்ணுன்னு அர்த்தம் சார். வாயால சொல்ல மனசில்லாம வாசல்ல சொல்லிட்டீய. நாங்க மானத்தோட வந்தோம், மானத்தோட போறோம்."

"ஐயோ, அது எங்க செருப்பு நைனா…" என்று அப்பா ஆரம்பித்தார். கோபத்தில் இருக்கிற சம்பந்தியிடம் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எதை விளக்க முடியும்? அதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். யாராவது ஒருவர் செருப்பைத் தேடியிருந்தால், சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் ஆடியிருந்தால், அந்த இடைவெளியில் அப்பா பேசி முடித்திருப்பார். நைனாவின் புண்ணியத்தில் ஒருவருக்கும் அந்தக் கஷ்டம் இல்லை. நொடியில் லிப்ட்டுக்குள் இருந்தார்கள்.

அன்று நான் அழுத அழுகையை எழுதினால் இந்தப் பக்கம் நனைந்துவிடும். அப்பா பேசவே மாட்டேன் என்கிறார் என்று டேனியல் செய்தி அனுப்பினான். அம்மா கீழே போய் நைனாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார். அவர் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாராம்.

அந்த வாரம் முழுவதும் எங்கள் குடியிருப்பில் செருப்புகள் கழற்றின இடத்தில் கழற்றினபடியே கிடந்தன. எல்லா வாசலிலும் ஆட்கள் ஒற்றைக் காலில் ஆடினார்கள். சங்கத் தலைவர் ஒருநாள் ஆடி, தடுமாறி, கதவில் முட்டிக்கொண்டார்.

"நைனாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தடவிக்கொண்டே என்னிடம் விசாரித்தார்.

சனிக்கிழமை நைனா மாடியேறி எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"அவுங்க எந்தக் கோயிலுக்குப் போவாங்க பாப்பா?"

"சர்ச் நைனா. ஆவடில." இடத்தைச் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் நடந்ததை டேனியல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தச் சர்ச்சில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது, வாசலில் கிடந்த அத்தனை செருப்பும் வரிசை கட்டித் தெருவைப் பார்த்து நின்றன. பாஸ்டருடையது, பாட்டுக்குழுவினருடையது, பூ விற்கிற அம்மாவுடையது எல்லாம் ஒரே வரிசையில் இருந்தன. ஜனங்கள் காலை நுழைத்துக்கொண்டு சிரித்துப் பேசியபடி போய்க்கொண்டிருந்தார்கள். டேனியலின் அப்பா மட்டும் தன் செருப்பைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

சட்டையெல்லாம் வேர்வையாக நைனா அவர் முன்னால் வந்து கும்பிட்டார்.

"நூம்பல்ல உங்க செருப்பைத் திருப்புனது நான்தான் சார். பொண்ணு ஊட்டுக்கு ஒண்ணும் தெரியாது. போன்னு சொல்றதுக்கு வெக்கல சார். நல்லபடியா போய்ட்டு வாங்கன்னு வெச்சேன்."

டேனியலின் அப்பா நைனாவின் வெறுங்காலைப் பார்த்தாராம். பிறகு கேட்டாராம்.

"உங்க செருப்பு எங்க?"

அது சர்ச் கேட்டுக்குப் பக்கத்தில், ஒன்று கிழக்கிலும் ஒன்று மேற்கிலுமாகக் கிடந்தது. ஊரார் செருப்பையெல்லாம் திருப்பியவருக்குத் தன் செருப்பு ஞாபகமே இல்லை. டேனியலின் அப்பா அங்கே போய், குனிந்து, இரண்டு கையாலும் அதை எடுத்து வந்து, நைனாவின் காலுக்கு முன்னால் தெருவைப் பார்க்க வைத்தார்.

"ஐயோ சார், அதுல போய் கைய வெக்காதீங்க சார்" என்று பதறினாராம் நைனா. என் அம்மா அவரிடம் சொன்னதையே அன்று அவரும் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலையே டேனியலின் அப்பா எங்கள் அப்பாவுக்குப் போன் செய்தார். "சார், அந்த மிளகா பஜ்ஜி பாக்கி இருக்கு" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்.

கல்யாணமாகி நாங்கள் இப்போது முகப்பேரில் இருக்கிறோம். நைனா எப்போதாவது வருவார். வந்தால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, "வரட்டா பாப்பா" என்று எழுந்துவிடுவார். என்ன கெஞ்சினாலும் இருக்க மாட்டார். அதனால் நானும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். அவர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் நான் வாசலுக்குப் போவேன். ஊர் உலகத்தில் எல்லார் செருப்பும் தெருவைப் பார்த்து நிற்கட்டும். அவருடைய செருப்பை மட்டும் இரண்டு கையாலும் எடுத்து, வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு வருவேன்.

கிளம்ப எழுந்தவர் அதைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார்.