வாய்க்காலைக் கூட்டிய மருமகள்

விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் பக்கத்தில் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே துடைப்பத்தை எடுத்துவிடுவோம். இந்த நல்ல பழக்கத்தை வைத்து ஓர் ஊரையே கவிழ்க்க முடியும் என்று நிரூபித்தவள் நான்.

மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சின்னமனூரிலிருந்து நான் மருமகளாக வந்த புதிது. மேட்டில் இருந்த பழச்சாறு ஆலை தன் கழிவையெல்லாம் எங்கள் வாய்க்காலில் விட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் கறுத்து, நுரைத்து, நாறியது. ஒட்டியிருந்த எங்கள் கிணற்றிலும் வாடை இறங்கிவிட்டது. தொட்டியில் ஊற்றினால் மாடு முகர்ந்து பார்த்துவிட்டு அத்தையை (என் மாமியாரை) முறைக்கும்.

வழக்கு நடந்து, ஆலை பணம் கட்ட ஒப்புக்கொண்டது. கெட்டுப்போன ஊர்களைச் சரிசெய்யவே அந்தப் பணம். என்ன வேலை வேண்டும் என்று மக்களைக் கேட்டு, நேரில் பார்த்து, எந்த ஊருக்கு முதலில் என்று அதிகாரிகள் முடிவு செய்வார்களாம். சேற்றை அள்ளி, வாய்க்கால் தலைப்பில் வடிகட்டும் தொட்டி கட்ட வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. பேசுவதற்கு என்னைத்தான் பிடித்தார்கள்.

“மதுரையில படிச்ச பிள்ள. பயப்படாமப் பேசும்” என்றார் அத்தை, பெருமையாக.

பேச்செல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் கவலை வேறு. இவ்வளவு பெரிய அதிகாரிகள் இந்த நாற்றத்தில் எப்படி நிற்பார்கள்? நம் ஊரைப் பற்றி என்ன நினைப்பார்கள்? (அந்த நாற்றத்தைப் பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை.)

மாதா திருவிழாவுக்குச் சப்பரம் வரும் தெருவைச் சுத்தம் செய்வோமே, அதேபோல் பெண்களைத் திரட்டினேன். நுரையை வழித்தோம். கரையைக் கூட்டி, பிளீச்சிங் பவுடர் தூவி, கோலமும் போட்டோம். அப்புறம்தான் என் உச்சகட்ட அறிவு வேலை செய்தது. மதகைத் திறந்து மூடும் சவரிமுத்து அண்ணனிடம் போனேன்.

“அண்ணே, கொஞ்சம் ஆத்துத் தண்ணி திறந்து விடுங்களேன்.”

“எதுக்குத்தா? இன்னைக்கு நம்ம முறை இல்லையே.”

“பெரிய ஆளுக வர்றாக அண்ணே. பாக்க லட்சணமா இருக்க வேணாமா?”

அவர் தலையைச் சொறிந்துகொண்டே திறந்துவிட்டார்.

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினார். சேற்றை மூடிக்கொண்டு தண்ணீர் பளிங்காக ஓடியது. நான் மூச்சுப் பிடித்துத் தொடங்கினேன்: “ஐயா, இந்த வாய்க்கால் செத்துப்போச்சு. ஒரு புழு பூச்சி கூட இதுல வாழாது.”

அந்த நேரம் பார்த்து, எங்கிருந்தோ ஒரு கொக்கு வந்து நடு வாய்க்காலில் இறங்கியது. நான் வந்த நாளிலிருந்து அங்கே கொக்கைப் பார்த்ததே இல்லை. புதுத் தண்ணீரோடு வந்த மீன் ஒன்றைக் கொத்தி, எல்லோருக்கும் காட்டிவிட்டு விழுங்கியது. அதிகாரி அதைப் படம் பிடித்துக்கொண்டார்.

“நல்லாத்தானே இருக்கும்மா?”

“ஐயா, நாளைக்கு வந்து பாருங்க, நாறும்!” என்று அத்தை ஓடிவந்தார்.

“நாளைக்கு வேற ஊரும்மா.”

அந்த வேற ஊர்க்காரர்கள் ஒரு குப்பையைக்கூட நகர்த்தவில்லை. தொட்டி அவர்களுக்குப் போனது. கோலமாவு டப்பாவை அணைத்துக்கொண்டு நான் அழுதேன். (“அதையும் கழுவி வை” என்றார் என் வீட்டுக்காரர்.) அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. தொலைவில் இருந்த குழாயடியிலிருந்து மாட்டுக்குத் தண்ணீர் சுமந்தார். அதைப் பார்ப்பதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அடுத்த வருடம், மீதிப் பணத்துக்காக அதே அதிகாரி மறுபடி வந்தார். அன்று காலை துடைப்பங்களையெல்லாம் அறையில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் அத்தை. அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கரையில் நின்றார்.

“போன தடவை இங்க ஒரு கொக்கு நின்னுச்சே?”

“அது உங்களப் பாக்க வந்துச்சுங்க ஐயா,” என்றார் அத்தை. “நாங்கதான் இங்கன குடியிருக்கோம்.”

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். இந்த முறை சேற்றைப் படம் பிடித்துக்கொண்டார்.

இப்போது தொட்டி இருக்கிறது. பலகையில் நீளமாக ஏதோ பெயர். ஊரில் அது கொக்குத் தொட்டி. மாடு எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. ஆனால் யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்று நான் துடைப்பத்தில் கை வைத்தால் போதும், உள்ளேயிருந்து குரல் வந்துவிடும்:

“ஏத்தா, அளவாக் கூட்டு!”