டன் கட்டத்துக்குப் போன மஞ்சள் பை

பயந்த சுபாவம் உள்ளவன் கையில், சிவப்பாக மாறும் எந்தப் பொருளையும் கொடுக்கக் கூடாது. என் கையில் கொடுத்தார்கள்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்றால், சயானில் ரயில் ஏறிய பிறகு கேஸை மூடினேனா என்று யோசித்து, தாதரில் இறங்கி வீட்டுக்குத் திரும்பி வந்தவன். (கேஸ் மூடித்தான் இருந்தது. வீட்டைத்தான் பூட்டாமல் போயிருந்தேன்.) எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த சங்காத்தம் முடிந்தது. தாராவியில் என் மனைவியின் அண்ணன் நடத்தும் பை தைக்கிற பட்டறையில் மேஸ்திரி வேலை. வந்த ஆர்டரை மிஷின் மிஷினாகப் போய்க் கத்திச் சொல்ல வேண்டும். கத்துவதற்குப் படிப்பு தேவையில்லை.

அந்தச் சமயம் மச்சான் செம்பூரில் இன்னொரு பட்டறை போட இடம் பார்த்திருந்தார். "அதுக்கு நீருதான் பொறுப்பு மாப்ள. டன்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தப் பாம்பேயில் 'டன்' என்றால் பேச்சு பக்கா என்று அர்த்தம். ஆட்டோக்காரர் குர்லா வருவாரா? டன். பெண் பார்த்துப் பிடித்துவிட்டதா? டன். ஒப்புக்கொண்டேன், செய்கிறேன், நீ கவலைப்படாதே, எல்லாமே டன்தான். அதை நம்பி என் மனைவி செம்பூரில் எந்தத் தெருவில் வீடு பார்க்கலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் மச்சானின் மகள் செல்வி வந்தாள். அந்தேரியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலை அவளுக்கு. எங்கள் எல்லோருடைய போனிலும் ஒரு போர்டை ஏற்றிவிட்டாள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு சின்ன அட்டை. மொத்தம் மூன்று கட்டங்கள். அட்டையை விரலால் இழுத்து ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ள வேண்டும்.

"ஈஸி ஹை மாமா. இது டூ டூ, இது டூயிங், இது டன். டன்னுன்னா தெரியும்ல?"

"அது தெரியாம என்ன? இந்த டூ டூதான் புரியல. ரெண்டு பேரு சண்ட போட்டுப் பேசாம இருக்காவளா?" (சின்ன வயதில் சிநேகிதத்தை முறிக்க விரலைக் காட்டி 'டூ' விடுவோமே, அந்த டூ.)

செல்வி சிரித்தாள். "அது செய்ய வேண்டிய வேல மாமா. இனிமே நீங்க கத்தவே வேண்டாம். போர்டு பேசும்."

அவளுடைய கம்ப்யூட்டரில் மூன்று கட்டமும் கல்யாணப் பந்தி மாதிரி வரிசையாகத் தெரிந்தன. என் போனில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரியும். அடுத்ததைப் பார்க்கத் தள்ளினால் அட்டை கட்டை விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். எழுத்தோ வெள்ளையின்மேல் வெளிறிய சாம்பல். பட்டறை வாசலில் வெயிலில் நின்று போன் பார்க்கிற மனிதர்களும் உலகத்தில் உண்டு என்று இதை வரைந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் எந்த வெயிலிலும் பளிச்சென்று தெரிந்தது. நாள் நெருங்கிய அட்டையின் மூலையில் ஒரு கடிகாரம் சிவப்பாகும்.

அந்தச் சிவப்பைப் பார்த்தால் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். 'மாட்டுங்கா கல்யாணம், தாம்பூலப் பை, மஞ்சள்' என்ற அட்டை ஒரு நாள் சிவந்துகொண்டு நின்றது. சரி, ஒப்புக்கொண்டாயிற்று, செய்துவிடுவோம் என்று அதை இழுத்து டன் கட்டத்தில் போட்டேன். உடனே சிவப்பு பச்சையானது. அதோடு விட்டதா? திரை முழுக்கக் கலர் கலராகக் காகிதப் பூ கொட்டியது! என் கல்யாணத்துக்குப் பிறகு என்மேல் யாராவது எதையாவது தூவினார்கள் என்றால் அது அன்றைக்குத்தான். அதன் பிறகு வருகிற ஆர்டரையெல்லாம் நேரே டன்னில் போட்டேன். நிம்மதியாகத் தூங்கினேன். போர்டு பேசும் என்பதால் யாரிடமும் கத்தவில்லை.

போர்டு பேசத்தான் செய்தது. கட்டிங் மாஸ்டர் இஸ்மாயில் பாயிடம், உனக்கு வேலை இல்லை என்று.

"அண்ணே, புது வேல ஒண்ணுமில்லியா?" என்று ஒரு தடவை கேட்டார்.

"எல்லாம் டன் பாய்."

முதலாளி வெளியே கொடுத்துத் தைத்து வாங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து அவர் பழைய ஆர்டர் ஸ்கூல் பை வெட்டப் போய்விட்டார்.

மாட்டுங்கா முகூர்த்தத்துக்கு முதல் நாள் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் பட்டறைக்கே வந்து இறங்கினார்கள். பை ரெடி என்று போர்டைப் பார்த்துச் செல்வி போனில் சொல்லியிருக்கிறாள்.

"எங்கேப்பா பை?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"டன் சார்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"டன்னா எடுத்துண்டு வா."

"இனிமேத்தான் சார் தைக்கணும்."

அந்த அம்மா மூலையைப் பார்த்தார். மஞ்சள் துணிச் சுருள், சுற்றிய கயிறுகூட அவிழாமல் சாய்ந்து நின்றது.

"நாளைக்கு முகூர்த்தம்! துணியைக் கிழிச்சு ஆளுக்கு ஒரு முழம் கொடுக்கட்டுமா?" என்றார் அவர்.

மச்சான் ஓடி வந்து என் போனைப் பிடுங்கினார். "ஏம் மாப்ள, டன்னுல போட்டிருக்கீரே, எங்கவே பை?"

"ஒத்துக்கிட்டோம்லா மச்சான்? அதான் டன்."

முதலில் சிரித்தவர் இஸ்மாயில் பாய். அப்புறம் மிஷின்காரர்கள். போனில் விஷயத்தைக் கேட்ட செல்வி, "ஐயோ மாமா, அங்க டன்னுன்னா வேல முடிஞ்சாச்சு!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

தாதருக்கு ஓடினேன். கடை கடையாக அலைந்ததில் அத்தனை பேருக்கும் போதுமான அளவில் ஒரே ஒரு வகைப் பைதான் இருந்தது. ரோஸ் கலர். பலூன் பிடித்த கரடி. மேலே 'ஹாப்பி பர்த்டே'.

மறுநாள் மண்டப வாசலில் நின்று அதைக் கொடுக்கும் வேலையையும் மச்சான் எனக்கே தந்தார். தேங்காயும் வெற்றிலையும் வாங்கியவர்கள் முதலில் கரடியைப் பார்த்தார்கள், பிறகு மணப்பெண்ணைப் பார்த்தார்கள், கடைசியில் என்னைப் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா பக்கத்தில் வந்து, "நல்ல முன்யோசனைப்பா உனக்கு. அடுத்த வருஷம் பேரன் பொறந்தா அதுக்கும் சேர்த்தே வாங்கிட்டே" என்றார்.

செம்பூர்ப் பட்டறை மச்சானின் சகலைக்குப் போனது. அதை மச்சான் என்னிடம் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் போனைத் திறந்தால், டன் கட்டத்தில் 'செம்பூர் மேஸ்திரி' என்று ஓர் அட்டை. பக்கத்தில் வட்டத்துக்குள் சகலையின் சிரித்த முகம். செல்வி சொன்னது சரிதான். போர்டு பேசியது.

இப்போதும் வீட்டில் கேஸை மூடியாச்சா என்று மனைவி கேட்டு, நான் ஆமாம் என்றால், "பாம்பே டன்னா, போர்டு டன்னாப்பா?" என்பாள் என் மகள். விருந்து, விசேஷம் என்று எங்கே கூடினாலும் யாராவது கரடிக் கதையை எடுத்துவிடுவார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவர் இப்போது மச்சான்தான்.

போன தீபாவளிக்கு அப்படிச் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தோளில் கை போட்டார். "அடுத்து சான்பாடாவுல ஒரு பட்டற போடப்போறேன் மாப்ள. அது ஒமக்குத்தான். டன்!"

"எந்த டன் மச்சான்?" என்று கேட்டேன்.

வீடே அதிரச் சிரித்தார்கள். நான் ஜோக்குக்காகக் கேட்கவில்லை. பதிலும் இன்னும் வரவில்லை.