மேசை விரிப்பும் ஐந்தாண்டுத் திட்டமும்

திட்டம் எழுதுவது எனக்கு ஒரு வியாதி. ஒத்துக்கொள்கிறேன். சந்தைக்குப் போவதென்றாலும் நோக்கம், செயற்பாடு, எதிர்பார்க்கும் விளைவு என்று தாளில் கட்டம் போட்டு எழுதாவிட்டால் எனக்குக் கால் நகராது. (எழுதிய தாளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது வேறு விஷயம்.) இந்த வியாதி முற்றிப்போயிருந்த இருபத்தைந்து வயதில், ஒரு பள்ளிக்கூடத்தின் பத்தாம், பதினோராம் வகுப்புகளை ஏறக்குறைய நானே கொண்டுபோய்க் கடலில் போட்டேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கணித ஆசிரியராக எனக்கு முதல் நியமனம் உடப்புப் பக்கம் ஒரு கரையோரக் கிராமத்துப் பாடசாலையில் கிடைத்தது. நான் தில்லையடி ஆள். கடலைப் பற்றிய என் அறிவெல்லாம் உம்மா ஆக்கும் மீன் ஆணத்தோடு முடிந்துவிடும். வாரநாட்களில் பாடசாலை விடுதியில் தங்கினேன். கடற்கரை பனைமரங்களுக்கு அப்பால் பத்து நிமிட நடை. எட்டு மாதத்தில் காலை நேரத்தில் ஒரு தடவைகூட நான் அங்கே போனதில்லை. சப்பாத்துக்குள் மணல் போய்விடும் பாருங்கள்.

அந்த வருடம் மேலிடத்தில் காசு இல்லை. மேலிடத்தில் காசு இல்லாவிட்டால் கீழே முதலில் நின்றுபோவது சோக்குக் கட்டி. பிறகு போட்டோக்கொப்பித் தாள். பிறகு ஆங்கில டீச்சர். (அவரைத் தற்காலிகமாக வேறு பாடசாலைக்கு எடுத்தார்கள். நான் அந்த ஊரை விட்டு வரும்வரை அந்தத் தற்காலிகம் முடியவில்லை.) கடைசியாக வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. பிள்ளைகள் குறைந்த மேல் வகுப்புகளை மூடி, பட்டினத்துப் பாடசாலையோடு சேர்க்கப் போகிறார்களாம். தப்ப வேண்டுமானால் மாணவர் கற்றலை மேம்படுத்த ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று கொடுக்க வேண்டும். குழு ஒன்று நேரில் வந்து, பெற்றோர் உண்மையிலேயே ஈடுபடுகிறார்களா என்று பார்க்கும். எங்கள் பத்தும் பதினொன்றும் சேர்ந்து ஒரு வான் வண்டிக்குள் அடங்கிவிடும். ஆகவே கத்தி எங்கள் கழுத்துக்குத்தான்.

சுற்றுநிருபம் வந்த மறுநாள் செல்வராணி அக்கா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். கருவாடு காயப்போட்டு விற்பவர். மகள் தர்ஷினி பத்தாம் வகுப்பு.

"சேர், இந்தப் பத்தாம் வகுப்ப மூடினா எண்ட புள்ள வீட்டோடதான். பட்டினத்துக்கு ஒரு பஸ். அது போனா வரும் எண்டு சொல்லேலாது. அவட அப்பா விடவே மாட்டன் எண்டுட்டாரு. நீங்க படிச்ச ஆள். எதையாவது எழுதித் தப்ப வச்சு விடுங்க."

எதையாவது எழுதுங்கள் என்று என்னிடம் போய்ச் சொல்லலாமா? அன்றிரவே தொடங்கிவிட்டேன். ஒரு கிழமையில் நாற்பது பக்கம். நான்கு நிறத்தில் வரைபடம். சுவரில் ஒட்டுவதற்குப் பெரிய டிமைத் தாளில் பன்னிரண்டு அட்டவணைகள். திட்டத்தின் உயிர்நாடி, 'பெற்றோருடன் வாசிப்பு மணித்தியாலம்'. தாயும் தகப்பனும் பாடசாலைக்கு வந்து பிள்ளையின் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து சேர்ந்து வாசிப்பார்கள். குழு வரும் நாளில் அதை நேரடியாகக் காட்டுவோம்.

எங்கள் பாடசாலை அதிபர் அதிகம் கதைக்காத ஒரு பெண்மணி. என் திட்டக் கோவையைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

"சேர், இதை யாரு வாசிக்கிறது?"

"குழு வாசிக்கும் மெடம்."

"சரி" என்றார். அந்தச் சரியில் எனக்கு எந்த எச்சரிக்கையும் கேட்கவில்லை.

ஒரேயொரு சிக்கல்தான். அது கரைவலைக் காலம். படகில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு கயிற்றையும் கரையில் நின்று ஊரே இழுக்கும். தகப்பன்மார் எல்லோரும் காலையில் அங்கேதான். வலையின் சொந்தக்காரர் சம்மாட்டி முத்தையாவிடம் போய், அந்த ஒரு நாள் காலையில் மட்டும் வலை வளைக்காமல் விடும்படி கேட்டேன்.

"புள்ளைகள் விசயம், விடலாம். ஆனா சேர், மீன் தெரிஞ்சா நான் கையக் கட்டிக்கிட்டு இருக்கேலாது" என்றார்.

"தெரியாது அண்ணன். அதுக்கு நான் பொறுப்பு."

(மீன் தெரிவதற்கும் தெரியாததற்கும் நான் எப்படிப் பொறுப்பாவது என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.)

குழு வரும் நாள் வந்தது. பெற்றோர் எல்லோரும் குளித்து, வெளுத்த உடுப்பில், கோயில் முன்றலில் கூடியிருந்தார்கள். பாடசாலைக்குள் வந்து உட்கார மாட்டோம் என்றுவிட்டார்கள். முந்திய தடவை எட்டு மணிக்கு வரச்சொல்லிப் பின்னேரம் வரைக்கும் காக்கவைத்தார்களாம். "வாகனம் வந்தா கூப்பிடுங்க, ஓடி வாறோம்" என்றார்கள். மணி அடிப்பதாக ஏற்பாடு.

வான் பிரதான வீதியில் திரும்பிவிட்டது என்று தொலைபேசியில் செய்தி வந்தபோது அதிபர் ஒரு குண்டைப் போட்டார். "நேரசூசியில இல்லாத நேரத்தில மணி அடிச்சா, அவங்க இறங்கினதும் அதைத்தான் கேப்பாங்க."

சரிதானே! எல்லாம் இயல்பாக நடப்பதுபோல் தெரிய வேண்டும். நான் சுற்றிப் பார்த்தேன். குழுவின் மேசையில் புத்தம் புதிய வெள்ளை விரிப்பு கிடந்தது. சத்தமில்லாத மணி! அதை உருவிக்கொண்டு தண்ணீர்த் தாங்கியின் ஏணியில் ஏறினேன். உச்சியில் நின்று, கோயில் பக்கம் பார்த்து, இரண்டு கையாலும் விரிப்பைத் தலைக்கு மேலே பெரிய பெரிய வட்டமாகச் சுழற்றினேன்.

கோயில் முன்றலில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். என்ன கட்டுப்பாடு, என்ன ஒற்றுமை! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு ஓடத் தொடங்கினார்கள். பாடசாலைக்கு எதிர்ப்பக்கமாக.

வழி தவறிவிட்டார்கள் என்று நினைத்தேன். (பிறந்து வளர்ந்த ஊரில் எப்படி வழி தவறும் என்று இப்போது நீங்கள் கேட்கிறீர்கள். அப்போது கேட்க யாருமில்லை.) திரும்பி வரச் சொல்லி இன்னும் வேகமாகச் சுழற்றினேன். நான் வேகமாகச் சுழற்றச் சுழற்ற அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். சம்மாட்டி முத்தையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால். அடுத்த நிமிடம் என் காலடியில் வகுப்பறைகள் அதிர்ந்தன. பெற்றோர் ஓடுவதைப் பிள்ளைகள் கண்டுவிட்டார்கள். வாசலாலும் யன்னலாலும் குதித்து, தரம் ஒன்றிலிருந்து பதினொன்றுவரை, பாடசாலை மொத்தமும் பனைமரங்களுக்குள் மறைந்தது. மிஞ்சியது அதிபரும் பன்னிரண்டு டிமைத் தாள்களும்.

அந்தக் கரையில், உயரத்தில் நின்று வெள்ளைத் துணியைச் சுழற்றினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மீன் கூட்டம் கரைக்கு வந்துவிட்டது, வலையை வளையுங்கள். நான் பெரிய வட்டமாகச் சுழற்றியதால் பெரிய கூட்டம். வேகமாகச் சுழற்றியதால் மிகக் கிட்ட. அவ்வளவு தூரத்தில் அவர்களுக்குத் துணி மட்டும்தான் தெரிந்திருக்கிறது, ஆள் யாரென்று தெரியவில்லை. மீன் பார்க்கும் தன்னுடைய ஆள்தான் எங்கேயோ ஏறி நின்று காட்டுகிறான் என்று சம்மாட்டி நினைத்துவிட்டார். இவ்வளவு தெளிவான சைகையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று பிறகு சொன்னார்.

வான் உள்ளே வந்தது. பிரதிக் கல்விப் பணிப்பாளர் இறங்கினார். (காசில்லாத வருடமல்லவா, குழு என்று வந்தது அவர் ஒருவர்தான்.) வெறும் முற்றத்தைப் பார்த்தார். வெறும் வகுப்புகளைப் பார்த்தார். நிமிர்ந்து தாங்கியின் மேல் என்னைப் பார்த்தார்.

"பிள்ளைகள் எங்க?"

"வாசிப்பு மணித்தியாலம் சேர்" என்றேன். வாய் அதுவாகவே சொல்லிற்று.

"எங்க வாசிக்கிறாங்க?"

நான் பதில் தேடுவதற்குள் வானின் சாரதி கத்தினார். அவர் சிலாபம் கரையோரத்துச் சிங்களவர்; அவர்களுக்கு மீன் என்றால் 'மாலு'. "சேர், மாலு! மாலு!" என்று என் கையிலிருந்த துணியைக் காட்டிக் கத்திவிட்டு, வானின் கதவைக்கூடச் சாத்தாமல் கடற்கரைக்கு ஓடினார். அரசாங்கச் சாரதிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. கணித ஆசிரியருக்குத் தெரியவில்லை.

பணிப்பாளருக்கு வேறு வழியில்லை. சாரதியைத் தேடி அவர் நடந்தார். அவர் பின்னால் அதிபர். அதிபர் பின்னால், தோளில் மேசை விரிப்போடு நான். வெட்கத்தில் எனக்குக் காது இரண்டும் சுட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படகு வலையைப் போட்டுவிட்டுத் திரும்பியிருந்தது. இரண்டு கயிற்றிலும் ஊர் தொங்கிக்கொண்டிருந்தது. தகப்பன், தாய், பிள்ளை, பக்கத்தில் பக்கத்தில். என் நாற்பது பக்கத்தில் நான் வரைந்த அதே ஒழுங்கு. புத்தகம் மட்டும்தான் இல்லை.

சம்மாட்டி திரும்பிப் பார்த்தார். காற்சட்டையும் சப்பாத்துமாக ஒருவர் நிற்பதைக் கண்டார். யாரென்று கேட்க அவருக்கு நேரமில்லை.

"ஐயா, சும்மா நிக்காமக் கயித்தப் புடிங்க!"

பணிப்பாளர் பிடித்தார். ஏன் பிடித்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அந்தக் குரலுக்கு யாரும் பிடிப்பார்கள். நானும் பிடித்தேன். ஒன்றரை மணித்தியாலம் இழுத்தோம். என் உள்ளங்கை உரிந்தது. பணிப்பாளரின் காற்சட்டை முழங்கால்வரை நனைந்தது. சாரதி சிங்களத்தில் பாட்டுப் படித்துக்கொண்டு எல்லோரையும்விட நன்றாக இழுத்தார்.

வலை கரையேறியது. மீன் சேரும் வலையின் மடியை அவிழ்த்தார்கள். சொறிமுட்டை. தொட்டால் சொறியும், ஆணத்துக்கும் ஆகாத, வழுவழுவென்ற ஜெல்லிமீன், கூடை கூடையாக. அதற்கடியில் கடற்பாசி, ஒற்றைச் செருப்பு, இரண்டு வாளி சாளை மீன்.

மீன் எவ்வளவு குறைவென்றாலும் பங்கு பங்குதான். கயிற்றில் கை வைத்த எல்லோருக்கும் உண்டு, கை வைக்காதவருக்கு இல்லை. சம்மாட்டி குந்தியிருந்து ஆளுக்கு இரண்டு, மூன்று என்று பிரித்தார். பணிப்பாளருக்கும் மூன்று சாளையை ஒரு சொப்பிங் பையில் போட்டு நீட்டினார்கள். அவர் வாங்கிக்கொண்டார். பிறகு சம்மாட்டி எழுந்து நின்று கேட்டார்.

"மீனப் பாத்துக் கை காட்டினவனுக்குத் தனிப் பங்கு இருக்கு. யாரு காட்டினது?"

ஊர் ஒருவரையொருவர் பார்த்தது. பிறகு, ஒவ்வொரு தலையாக, என் தோளிலிருந்த மேசை விரிப்பைப் பார்த்தது.

அல்லாஹ்வே, அப்போது அந்த மணல் வாய் திறந்து என்னை விழுங்கியிருந்தால் நான் நன்றி சொல்லியிருப்பேன். நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னேன். முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு கரை முழுக்கச் சிரித்தது. பிள்ளைகள் மணலில் உருண்டார்கள். அதிபர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் பணிப்பாளர். மற்றவர் செல்வராணி அக்கா. தன் பங்கு மீனைக் கையில் வைத்துக்கொண்டு நேராகப் பணிப்பாளர் முன்னால் வந்து நின்றார். போச்சு, இனி எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"ஐயா, நீங்க ஒரு நாள் கயிறு இழுத்தீங்க. ஆரு எவர் எண்டு கேக்காமப் பங்கு தந்தம். எண்ட புள்ள பத்து வருசமா இழுக்கிறா. கரைக்கு வாற நேரத்தில அவட கையில இருந்து கயித்த வெட்டுறீங்களே, இது ஞாயமா?"

பணிப்பாளர் கையிலிருந்த பையைப் பார்த்தார். "நான் எழுதுறன் அம்மா" என்றார். நனைந்த காற்சட்டையோடு வானுக்கு நடந்தார். என் திட்டக் கோவையை வாங்கிக்கொள்ளவே மறந்துவிட்டார். அதிபர்தான் ஓடிப்போய் யன்னலால் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பத்தும் பதினொன்றும் மூடப்படமாட்டா. 'பெற்றோரின் ஈடுபாடு நேரில் அவதானிக்கப்பட்டது' என்று ஒரு வரி. என் நாற்பது பக்கத்தைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. 'நீளம் குறைக்கப்பட வேண்டும்.'

அடுத்த வருடம் தர்ஷினி பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை எழுதினாள். பெறுபேறு வந்த அன்று செல்வராணி அக்கா ஆசிரியர் அறைக்கு வந்தார்.

"எல்லாம் பாஸ் சேர். ஒண்டுதான் இல்ல."

"என்ன பாடம் அக்கா?"

"உங்கட பாடம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையிலேயே வலித்தது. இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய வகுப்பில், அந்தப் பிள்ளையை விழுத்தியது நான். கணக்கில் சித்தியில்லாமல் உயர்தரத்துக்குப் போக முடியாது.

"அக்கா, பயப்படாதீங்க. திரும்ப எழுதலாம். நான் ஆறு மாசத்துக்கு ஒரு திட்டம்..."

அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். கோபமில்லை. பொடியன் ஒருவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வேணாம் சேர். நீங்க கை காட்டினா சொறிமுட்டதான் வரும். அவ வேற ஆளிட்டப் படிக்கட்டும்."

தர்ஷினி வேறு ஆளிடம் படித்தாள். இரண்டாம் தடவை நல்ல சித்தி. உயர்தரத்துக்கும் போனாள். செல்வராணி அக்கா எனக்கு ஒரு பை கருவாடு அனுப்பி வைத்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னது என் வாழ்க்கையின் அடுத்த பெரிய பிழை. இப்போது மகள் ஐந்தாம் வகுப்பு. எந்த டியூஷனுக்குப் போவது என்று போன கிழமை தாயும் மகளும் குசினியில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்று தொண்டையைச் செருமினேன். அவ்வளவுதான், வாயைக்கூடத் திறக்கவில்லை.

"வாப்பா," என்றாள் மகள், திரும்பிப் பார்க்காமலே, "சொறிமுட்ட."