கூரை மிக அழகாக வந்துவிட்டது

லூனாஸ்,
ஆகஸ்டு 18.

மதிப்பிற்குரிய தாய்மாமா நடராஜா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகன் வசந்தன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். மெர்கோங்கில் நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள், உங்கள் சர்க்கரையும் அளவோடு இருக்கும் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். இந்த விஷயத்தை ஏழு முறை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஏழு முறையும் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் பதிலாக வந்தன. காகிதத்தில் வந்தால்தான் உங்களுக்கு அது விஷயம் என்று அம்மா சொன்னார். அதனால் காகிதம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சிபாரிசு கேட்கும் கடிதம் அல்ல. சிபாரிசு செய்கிறவர்களை நான் எத்தனை விருந்துகளில் திட்டியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தடவை உங்களையேதான் திட்டினேன். உங்கள் அரசு அலுவலகத்தில், உங்கள் மேசைக்கு இரண்டு மேசை தள்ளி, மருதம்மாள் என்பவரின் வீடு பழுதுபார்ப்பு விண்ணப்பம் கிடக்கிறது. அதை யாராவது எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். அந்த யாராவது நீங்களாக இருந்தால் அது சிபாரிசு ஆகாது, உடற்பயிற்சி.

நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் மாதம் மூச்சுவிடாமல் பதினான்கு கல்யாணத்துக்குப் படம் எடுத்தேன். கடைசிக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா, ஆயிரத்து இருநூறு படத்தில் தான் நான்கில்தான் இருப்பதாகவும், அந்த நான்கில் மூன்றில் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகவும் சொல்லி மண்டப வாசலில் என்னை மறித்துக்கொண்டு நின்றார். அவர் மூன்று பந்தியில் உட்கார்ந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? அன்றைக்கே முடிவு செய்தேன், மூன்று நாள் மனித முகமே எடுக்கக்கூடாது, கொக்கும் தண்ணீரும் மட்டும்தான் என்று. யான் ஊருக்குத் தெற்கே, ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று உள்ளே, பூலாவ் பாக்காவ் என்று ஒரு தீவு இருக்கிறது. அதை டவுன் என்கிறார்கள். ஒரு வரிசைக் கடை, இரண்டு கோப்பிக்கடை, தொழுகைக்கு ஒரு சூராவ், ஒரு முனியாண்டி கோயில், இறால் பிரிக்கும் கொட்டகை, அவ்வளவுதான். தீவில் ஒரு கார்கூடக் கிடையாது, ஆனால் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகை இரண்டு இருக்கிறது. ஊரைப் பார்க்காமலே யாரோ அனுப்பிவைத்திருக்கிறார்கள். அப்போது அதைப் பார்த்துச் சிரித்தேன்.

படகோட்டி அம்மாசி அண்ணன் என் பையைப் பார்த்துவிட்டு, “கல்யாணமா தம்பி?” என்றார்.

“இல்லண்ணே, ரெஸ்ட் எடுக்க வந்தேன்.”

“ரெஸ்டுக்கா இவ்ளோ பெரிய கேமரா? எங்க ஊர்ல ரெஸ்டுன்னா படுத்துக்குவோம் லா.”

மறுநாள் காலை கொக்கு எடுக்கப் போனேன். அந்தத் தீவின் கொக்குகளுக்கு ஒரே ஒரு கம்பம்தான் பிடிக்கும் போலிருக்கிறது. அதில் போன தேர்தல் வேட்பாளரின் படம் கட்டியிருந்தது. நாற்பது படம் எடுத்தேன், நாற்பதிலும் கொக்குக்குக் கீழே அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கொக்கு பறந்துபோன பிறகும் அவர் மட்டும் சிரித்தார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கேமராவைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த பலகை வீட்டுக்குள் ஓடினேன். அதுதான் மருதம்மாள் அக்கா வீடு. வெளியே நின்றிருந்தால் குறைவாக நனைந்திருப்பேன்.

அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், இறால் கொட்டகையில் வேலை. அக்கரையில் ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. அதை விற்று வீடமைப்புத் திட்டமாக்கியபோது, மூன்று தலைமுறை பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இரண்டு மாத நோட்டீசும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் கொடுத்து அனுப்பினார்கள். அக்காவும் அவர் கணவரும் தாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்தின் பலகையையும் தகரத்தையும் பிடுங்கி, அம்மாசி அண்ணன் படகில் ஏற்றி வந்து கட்டிய வீடு இது. கணவர் இப்போது இல்லை. மகள் ரூபினி அக்கரைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். பகலில்தான் தூங்க வேண்டும். நான் உள்ளே போனபோது அந்தப் பெண் கட்டில் காலில் குடையைக் கட்டி, குடைக்குக் கீழே தலையை மட்டும் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கால் பக்கம் ஒரு சட்டி. தண்ணீர் சட்டியில் விழுகிற சத்தத்துக்கு அவள் விழிக்கவில்லை, சட்டி நிரம்பிச் சத்தம் மாறியதும் சட்டென்று எழுந்து, ஊற்றிவிட்டு, திரும்பவும் படுத்துக்கொண்டாள்.

மழை விட்டு வெயில் வந்தது மாமா, அப்போதுதான் எனக்குப் புத்தி கெட்டது. தகரத்து ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வெளிச்சக் கம்பி இறங்கி, அடுப்புப் புகையில் அப்படியே நின்றது. என்னை மறந்து, “அக்கா, என்ன லைட்டிங்!” என்று கத்திவிட்டேன்.

“லைட்டிங்கா? அது ஓட்ட தம்பி,” என்றார் அக்கா. “இருபத்து மூணு இருக்கு. எண்ணி வெச்சிருக்கேன்.”

கேமராவைப் பார்த்ததும் அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. பழுதுபார்ப்பு உதவிக்கான பாரத்தை ஆறு மாதமாக வைத்திருந்தார். வீட்டின் முன்பக்கம், உள்பக்கம், கூரை என்று மூன்று படம் இணைக்க வேண்டுமாம். செப்டம்பர் மழைக்குள் கூரை மாறாவிட்டால் உத்தரமே இறங்கிவிடும் என்றார். அண்ணாந்து பார்த்தேன். அவர் கூட்டிச் சொல்லவில்லை. “நானே எடுத்துத் தர்றேன்கா, சும்மா,” என்றேன். ரொம்பப் பெருந்தன்மையாகத்தான் சொன்னேன்.

இனி எழுதுவது என் தவறு. பதினைந்து நாள் கழித்துத்தான் லூனாஸில் என் ஸ்டூடியோவில் அந்தப் படங்களைக் கணினியில் திறந்தேன். அன்று ஒரு கல்யாண ஆல்பத்தின் நடுவில் இருந்தேன். எங்கள் வேலையில் முகத்தில் பரு இருந்தால் எடுத்துவிடுவோம், கழுத்தில் கறுப்பு இருந்தால் எடுத்துவிடுவோம், யாரும் கேட்கமாட்டார்கள், கை தானாகப் போகும். அதே கை மருதம்மாள் அக்கா வீட்டுத் துருவை எடுத்துவிட்டது. கூரையின் ஒரு மூலையில் போர்த்தியிருந்த நீலக் கித்தான் கண்ணை உறுத்தியது, அதையும் எடுத்தேன். வாளி, சட்டி, குடை எல்லாம் போயின. சுவர்ப் பலகைக்குக் கொஞ்சம் தேன் நிறம் கொடுத்தேன். வானம் வெளுப்பாக இருந்ததால், போன வருடம் லங்காவியில் எடுத்த வானத்தைப் போட்டேன். பெரிய அளவில், நல்ல தாளில் அச்சடித்து, அக்காவுக்கு அனுப்பிவைத்தேன். அக்கா என்னை நம்பி, உறையைப் பிரிக்காமலே பாரத்தோடு சேர்த்து உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார்.

பதில் வந்தது. வீடு திருப்திகரமான நிலையில் இருப்பதாகப் படங்களிலிருந்து தெரிய வருவதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறதாம். சுற்றுப்பயணிகள் தங்கும் விடுதித் திட்டத்துக்கு அக்கா விண்ணப்பிக்கலாமாம்.

அக்கா போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “தம்பி, என் கல்யாணத்துக்கே நான் மேக்கப் போடல. என் வீட்டுக்குப் போட்டுட்டியே லா,” என்றார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

என் தவறு என் தவறுதான், மறைக்கவில்லை. ஆனால் மாமா, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். படகுத்துறையிலிருந்து அந்த வீட்டுக்குப் படகில் பன்னிரண்டு நிமிடம். ஒரே ஒரு அதிகாரி ஒரே ஒரு தடவை போயிருந்தால், என்னைப் போன்ற பத்து முட்டாள்கள் சேர்ந்தாலும் அந்தக் கூரையை மறைத்திருக்க முடியாது. தேர்தலுக்கு முன்னால் நாலு படகு நிறைய ஆட்கள் போனார்கள், வீடு வீடாக அரிசி மூட்டை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள், யாருக்கும் அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை. ஏழை தன் ஏழ்மையை நல்ல வெளிச்சத்தில் மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தால்தான் நம்புவோம் என்கிறீர்கள். நல்ல வெளிச்சத்தில் கொடுத்தால் ஏழையே இல்லை என்கிறீர்கள்.

சரி, குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். படங்களைத் திரும்ப எடுக்க ஜூலைக் கடைசியில் மறுபடி தீவுக்குப் போனேன். மாமா, எனக்கு அசிங்கமாக எடுக்க வரவில்லை. உச்சி வெயிலில் எடுத்தேன், நிழல் அழகாக விழுந்தது. கோணலாக எடுத்தேன், அதிலும் ஏதோ ஒரு ஒழுங்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டுகூட எடுத்தேன். அதுதான் எல்லாவற்றிலும் அழகு. ஒரு மணி நேரம் நான் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ரூபினி தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்தாள்.

“அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க. எதுவா இருந்தாலும் போஸ் குடுத்தாதான் நீங்க எடுப்பீங்க போல. அது கூர, கல்யாணப் பொண்ணு இல்ல.”

கண்ணாடி வெடித்த தன் கைப்பேசியில் ஒரே ஒரு படம் எடுத்தாள். ஓரத்தில் அவள் கட்டைவிரல், நடுவில் கூரை, கீழே சட்டி, பின்னால் அக்கா ஏதோ சொல்லி வாயைத் திறந்தபடி. அதைப் பார்த்தால் நாமே நனைகிற மாதிரி இருக்கிறது. அக்கா அதை அச்சடித்து, மேல்முறையீட்டோடு இம்மாதம் இரண்டாம் தேதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நான் கேட்பது இவ்வளவுதான்: கோப்பில் என் படங்களை எடுத்துவிட்டு, ரூபினியின் படத்தை வைத்து, மழைக்கு முன்னால் ஒரு முடிவு எழுதச் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம். உங்கள் பெயரையும் சொல்ல வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தீபாவளிக்கு வருகிறேன், குடும்பப் படம் எடுத்துத் தருகிறேன், உங்கள் வயிற்றை வழக்கம்போல் குறைத்துத் தருகிறேன். அம்மா உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். உங்கள் ஆசியை என்றும் வேண்டும்,

தங்கை மகன்
வசந்தன்

பி.கு.: மாமா, மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மருதம்மாள் அக்கா போன் செய்தார். உங்கள் அலுவலகத்திலிருந்து இன்றைக்குக் கடிதம் வந்திருக்கிறது. மேல்முறையீடு ஏற்கப்பட்டு, வீடு பழுதுபார்க்கப்பட்டு, வேலை முழுமையாக முடிந்து, கோப்பு மூடப்பட்டுவிட்டதாம். வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். சாட்சிக்கு இரண்டு படங்களின் நகலும் வைத்திருக்கிறார்கள். “முன்பு” என்று ரூபினி எடுத்தது. “பின்பு” என்று நான் எடுத்தது. எந்தக் குத்தகைக்காரர் வந்தார், எந்த வீட்டுக் கூரையில் ஏறினார் என்று அக்காவுக்குத் தெரியாது. லங்காவி வானத்துக்குக் கீழே பளபளக்கும் கூரையின் மேல் இரண்டு கையெழுத்தும் ஒரு முத்திரையும் இருக்கின்றனவாம்.

அக்கா கடிதத்தை ரூபினியிடம் கொடுத்துக் கடைசி வரிவரை படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அதில், செய்த வேலைக்குப் பன்னிரண்டு மாத உத்தரவாதம் உண்டு என்று போட்டிருக்கிறதாம். “புதுக் கூர போட்டாச்சுன்னு அவங்களே எழுதிட்டாங்கல்ல தம்பி? சரி, போட்டாச்சு. நான் பொய்யின்னு சொல்ல மாட்டேன். அந்தப் புதுக் கூர ஒழுகுதுன்னு எழுது,” என்றார்.

ஆகவே, இதை விண்ணப்பமாக அல்லாமல் புகாராகப் பதிந்துகொள்ளுங்கள்: இம்மாதம் தாங்கள் மாற்றிக் கொடுத்த புதிய கூரையில் இருபத்து மூன்று ஓட்டைகள் உள்ளன. உத்தரவாதக் காலம் முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. ஆணியும் தகரமும் எடுத்துக்கொண்டு ஆள் அனுப்பவும்.