ஒளிமதிக்கு நான் மாட்டிய மிதவைச் சட்டை

முதல் பாகம் வெற்றி பெற்ற எந்த வீராங்கனைக் கதையையும், இரண்டாம் பாகம் எழுதச் சொல்லி அந்த வீராங்கனையின் அம்மாவிடம் கொடுக்கக் கூடாது. கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

என் மகள் கயல்விழி ஐந்தாம் ஆண்டு படித்தபோது, அவளுடைய தமிழ்ப்பள்ளி விழாவில் ஒரு மாயாஜால நாடகம் போட்டார்கள். சிலாங்கூர் ஆற்றங்கரை மின்மினிகளின் வெளிச்சத்தையெல்லாம் ஒரு முதலை அரக்கன் விழுங்கிவிடுகிறான். ஒளிமதி என்ற பெண் வாளோடு போய் அதை மீட்டு வருகிறாள். கயல்தான் ஒளிமதி. கடைசிக் காட்சியில் மேசை மேலிருந்து முதலையின் முதுகில் பாய்ந்தாள் பாருங்கள், மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நானும்தான். கூட்டத்தைப் பார்த்து அவள் இடக்கையை மட்டும் அசைத்தபோதும் தட்டிக்கொண்டுதான் இருந்தேன். காரில் ஏறிய பிறகுதான் கவனித்தேன், வலது மணிக்கட்டு இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

(அவள் அழவில்லை. மருத்துவமனையில் தாதி நாற்காலி எடுத்துப் போட்டது எனக்குத்தான்.)

அடுத்த ஆண்டும் ஒளிமதியே வேண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள். முதல் பாகம் எழுதிய டீச்சர் ராசா என்ற ஊர்ப் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். பெற்றோர் கூட்டத்தில் "யார் எழுதுறீங்க?" என்றதும் என் கை தானாக உயர்ந்தது. எழுத்துத் திறமையால் அல்ல. வேறு யாராவது எழுதினால் என் பிள்ளையை எங்கிருந்து குதிக்க வைப்பார்களோ என்ற பயத்தால். என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். செம்பனை எண்ணெய் ஆலை அலுவலகத்தில் 'தலைக்கவசம் அணியவும்', 'தரை வழுக்கும், கவனம்' என்றெல்லாம் அறிவிப்பு தயாரித்து ஒட்டுகிறவள் நான். என் இலக்கிய நடை அங்கே உருவானது.

கயலுக்கு அது ஆறாம் ஆண்டு. அடுத்து இடைநிலைப்பள்ளி, அந்த மேடை இனிமேல் அவளுக்கு இல்லை. மாவுக்கட்டு போட்ட நாளிலிருந்தே, ஒளிமதியாக இன்னொரு தடவை பாய வேண்டும் என்று காத்திருந்தாள். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் இப்படி எழுதினேன்.

"மா, ஒளிமதி எப்ப குதிப்பா?" எழுதிய தாள்களைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"குதிக்க மாட்டா. படியில எறங்கி வருவா."

"வாளு?"

"இருக்கு. நுனியில ஸ்பாஞ்சு சுத்தியிருக்கேன்."

"அப்பறம் முதலைய என்னா செய்வா?"

"பேசிப் புரிய வைப்பா."

கயல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்கு எதுக்குமா ஒளிமதி? நீங்களே ஆத்தங்கரையில ஒரு நோட்டீஸ் ஒட்டிருங்களேன்."

என் கணவர் சேகர் லோரி ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். அவரே வாய் திறந்தார். "விடு லா. ஒரு வருசமா ஆசப்படுறா."

நான் விடவில்லை. மாறாக, அவரையே முதலையாக்கினேன். பிள்ளை தடுமாறினால் தாங்கிப் பிடிக்க நல்ல பலமான முதலையாக ஒன்று வேண்டுமே!

விழா நாள் காலையில் இன்னொரு யோசனை வந்தது. ஒளிமதி ஆற்றைக் கடக்கிறாள், மிதவைச் சட்டை இல்லாமலா? கம்போங் குவாந்தானுக்குப் போய், மின்மினி பார்க்க வருகிறவர்களுக்குப் படகில் மாட்டிவிடுவார்களே, அந்த ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றைப் படகுக்காரரிடம் இரவல் வாங்கி வந்தேன். அது பெரியவர்கள் அளவு என்பதை மேடையில்தான் உணர்ந்தேன். அதற்குள்ளிருந்து கயலின் முகமும் முழங்கால்களும் மட்டும் தெரிந்தன. கை மேலே எழும்பவே இல்லை. முதலை அரக்கனை நடுங்க வைத்த ஒளிமதி, கட்டி வைத்த பார்சல் மாதிரி நின்றுகொண்டு, "முதலையாரே, சற்று அமைதியாக அமருங்கள்" என்றாள்.

முதலையார் அமர்ந்தார். அடுத்து ஆற்றுத் தூய்மை பற்றி மூன்று பக்க வசனம். இரண்டாம் பக்கத்தில் குழந்தைகள் கொட்டாவி விட்டார்கள். முன்வரிசையிலிருந்து எங்கள் எதிர்வீட்டு மாரியக்கா குரல் கொடுத்தார்: "அடிடி கயலு! நீ பேசுற பேச்சுல முதல தூங்கிருச்சு லா!"

மண்டபம் சிரித்தது. கதை சொல்லும் குரல் நான் என்பதால், துப்பட்டாவில் மைக் குத்திக்கொண்டு மேடையோரத்தில் நின்றிருந்தேன். கயல் என்னைப் பார்த்தாள். பிறகு வசனத்தைப் பாதியில் நிறுத்தினாள். மிதவைச் சட்டையின் பட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பாறை என்று துணி போர்த்தி வைத்திருந்த மேசை மேல் ஏறினாள்.

எனக்குக் கண்ணில் தெரிந்தது போன வருடத்து மணிக்கட்டு மட்டும்தான்.

"ஏய், எறங்கு! உழுந்துருவ! எறங்குடி!" மைக்கில் முழங்கிக்கொண்டே மேடைக்குள் ஓடினேன். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. புது அரக்கி வந்துவிட்டாள் என்று யாரோ விசிலடித்தார்கள்.

கயல் ஒரு விநாடிதான் யோசித்தாள். ஸ்பாஞ்சு வாளை என் பக்கம் நீட்டினாள். "ஓ! மின்மினிகளைப் புட்டியில் அடைத்து, பத்திரமா இருங்கள் என்று சொன்னவள் நீதானா?"

என் தாளில் இல்லாத வசனம். நான் பின்வாங்கினேன். பின்னால் என் கணவரின் வால். ஒன்றரை மீட்டர், நானே பஞ்சு அடைத்துத் தைத்தது. கால் மடங்கி, மல்லாந்து விழுந்தேன். எழுந்திருக்க முயன்றபோது, மேசை விளிம்பில் நின்ற கயல் எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வதாக நினைத்துச் சொன்னாள்:

"எழும்பாதீங்கமா. நீங்க செத்துட்டீங்க."

என் துப்பட்டாவில்தான் மைக் இருந்ததே! மண்டபம் முழுக்கக் கேட்டது.

செத்துக் கிடந்தபடியே பார்த்தேன். பாய்ந்தாள். என் தலைக்கு மேலே பறந்து போய், இரண்டு காலிலும் நேராக இறங்கி, நிமிர்ந்து நின்றாள். எங்கும் தடுமாறவில்லை. முதலை தாங்கிப் பிடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. நானும் தட்டியிருப்பேன், இறந்தவள் தட்டக் கூடாதே என்று அடக்கிக்கொண்டேன்.

எனக்குக் கணுக்காலில் சுளுக்கு. கிளினிக்கில் டாக்டர் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்க, பாதி முதலை வேஷத்தோடு நின்ற என் கணவர், "என் வாலு தடுக்கிருச்சு டாக்டர்" என்றார். கயல் என் காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். "வலிக்குதாமா?" என்றாள். அந்தக் கேள்வியை நான் எந்தக் குரலில் கேட்பேனோ, அதே குரலில்.

இரண்டாம் பாகம் முதல் பாகம் அளவுக்கு வரவில்லை, கடைசி ஐந்து நிமிடம் தவிர என்பது எங்கள் ஊர் புக்கிட் பெலிம்பிங் மக்களின் தீர்ப்பு. எனக்கும் அதில் மறுப்பில்லை. அந்த ஐந்து நிமிடம் நான் எழுதியதல்ல.

கயல் இப்போது இடைநிலைப்பள்ளியில், படிவம் ஒன்று. போன மாதம் பள்ளி முகாமுக்கு மலையேறப் புறப்பட்டாள். வாசலில் நின்று, "பாறை வழுக்கும், முன்னால போகாத, பின்னாலயும் நிக்காத" என்று ஆரம்பித்தேன். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரே குரலில் சொன்னார்கள்:

"எழும்பாதீங்க. நீங்க செத்துட்டீங்க."

செத்தவள் வாயை மூடிக்கொண்டேன். அவள் ஏறிய பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை, கண்ணை மட்டும் மூடவில்லை.