ஒரு பக்கத் தாளில் அடித்த அழைப்பு

அறுபது வீடுகளுக்கு நேரில் போய், கும்பிடு போட்டு, அவர்களைப் பற்றிக் கன்னாபின்னாவென்று எழுதிய தாளை அவர்கள் கையிலேயே கொடுத்து, "அவசியம் வந்துடணும்" என்றும் சொல்லிவிட்டு வந்த ஒரே ஆள் தமிழ்நாட்டில் நானாகத்தான் இருப்பேன். மூன்று வீடுகளில் மோர் வேறு வாங்கிக் குடித்தேன்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனிக்கும் அக்கம்பக்கத்துக் குடியிருப்புக்கும் தகராறு வந்தால் நடுவில் போய்ப் பேசிச் சரிக்கட்டுகிற வேலை. மக்கள் தொடர்பு என்று பெயர். (விருதுநகரில் என் அப்பா, "கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்றான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். எந்தக் கம்பெனி கேட்டது என்று யாரும் விசாரிக்காதது எங்கள் நல்ல நேரம்.) அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வேலை நிரந்தரமா, இல்லையா என்று சொல்ல இன்னும் பத்து நாள்தான் பாக்கி. திருவேற்காட்டில் இரண்டு பேரோடு ஓர் அறையில் குடியிருந்துகொண்டு, தினமும் அந்தப் பத்து நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அம்பத்தூர் பக்கத்து ரப்பர் தொழிற்சாலை ஒன்று எங்களிடம் வந்தது. அதன் பாய்லர் புகைபோக்கியிலிருந்து கரி பறந்து பின்தெரு மொட்டைமாடிகளில் விழுகிறது என்று புகார். தொழிற்சாலையின் அனுமதியைப் புதுப்பிக்கிற நேரம். அக்கம்பக்கத்துக்காரர்களைக் கூட்டிப் பேசி, அவர்கள் கையெழுத்துப் போட்ட தாளைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி. அந்தக் கையெழுத்துகளை வாங்குகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்துக்கு முன்னால், யார் யார் முக்கியம், யார் எதிர்ப்பார்கள், யாரை எப்படி வழிக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு பட்டியல் போட வேண்டும். நானும் அந்தத் தெருவில் நான்கு நாள் டீ குடித்து, ஒட்டுக்கேட்டு, ஒரு பட்டியல் தயாரித்தேன். இருபத்து மூன்று வயது. மனிதர்களை ஒரே பார்வையில் எடைபோட்டுவிடுவேன் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்த வயது.

"நூர்ஜஹான், தையற்கடை. சத்தம் அதிகம், விஷயம் குறைவு. உட்காரவைத்து டீ கொடுத்தால் அடங்கிவிடுவார்." "ஏழுமலை, ஷேர் ஆட்டோ. எளிதில் வளைக்கலாம்." "ராமநாதன், குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்றவர். மனு எழுதுவது பொழுதுபோக்கு."

என் மேலாளர் சந்தானம் சார் இதை ஏழு முறை திருத்தச் சொன்னார். ஒவ்வொரு முறையும் ஆளுக்கொரு பிரதி எடுத்து, பேசி, கழித்துப் போட்டோம். கழித்த தாள் குப்பைக்குப் போகாது. சந்தானம் சார் காகிதத்தில் மகா சிக்கனம். ஒரு பக்கம் அச்சடித்த தாளெல்லாம் பிரிண்டர் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியில் சேரும். மறுபக்கத்தைப் பயன்படுத்தாதவன் எங்கள் ஆபீஸில் தேசத்துரோகி.

புரிந்திருக்குமே. கூட்டத்துக்கான அழைப்பை, "அன்புள்ள அண்டை வீட்டாருக்கு, வணக்கம்" என்று தொடங்கி உருக்கமாக எழுதி, அந்தப் பெட்டியிலிருந்தே தாளை எடுத்துப் போட்டு அறுபத்திரண்டு பிரதி அடித்தேன். சார் பார்த்தால் மெச்சுவார் என்ற நினைப்பு வேறு. சனிக்கிழமை காலை முழுக்க வீடு வீடாகக் கொடுத்து முடித்தேன்.

மத்தியானம் போன் வந்தது. அழைப்பில் என் நம்பரைப் பெரிதாகப் போட்டிருந்தேன்.

"நைனா, நான் ஏழுமலை பேசறேன். ஷேர் ஆட்டோ."

"சொல்லுங்கண்ணே, அழைப்பு கிடைச்சுதா?"

"கெடச்சுது, கெடச்சுது. பின்னாடி இன்னாவோ எழுதிக்கீறியே, எளிதில் வளைக்கலாம்னு? நான் இன்னா நைனா, கட்டுக்கம்பியா?"

பையில் மிச்சமிருந்த இரண்டு அழைப்புகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் மூன்றாவது திருத்தம், இன்னொன்றில் ஐந்தாவது. அப்படியென்றால் ஏழு திருத்தங்களும் அந்தத் தெருவுக்குள் கலந்துகட்டிப் போயிருக்கின்றன. எங்கள் சண்டைகள், அடித்தல்கள், ஓரத்தில் சந்தானம் சார் எழுதிய குறிப்புகள் எல்லாம் சேர்த்து.

சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எத்தனை தாள் போச்சு?" என்று கேட்டார். பிறகு, "நாளைக்குக் கூட்டத்துக்கு நீயே வா. உன்னைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அந்த "அப்புறம்" என்ற சொல்லில் எனக்கு விருதுநகர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பது நன்றாகவே கேட்டது.

ஞாயிறு காலை சமூகநலக் கூடத்தில் நுழைந்தேன். பத்துப் பேர் வந்தால் பெரிது என்று நினைத்த கூட்டத்துக்குத் தெருவே வந்திருந்தது. எல்லோர் கையிலும் தாள். எல்லோரும் பின்பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலை மேனேஜரும் சந்தானம் சாரும் மேடையில் என்னைத் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் எழுந்தவர் ராமநாதன் சார். கையில் ஒன்றல்ல, ஏழு தாள். வீடு வீடாகப் போய் ஏழு திருத்தங்களையும் சேகரித்து வரிசைப்படுத்தி, கிளிப் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, மூணாவதுல என்னை 'முக்கியமானவர்'னு போட்டிருக்கீங்க. ஆறாவதுல 'முக்கியமில்லை'ன்னு இருக்கு. நடுவுல என்ன நடந்தது? அதை மட்டும் சொல்லுங்க."

கூடம் அதிரச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டிருந்தார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

நூர்ஜஹான் அக்கா வரிசையாக நாற்காலிகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மேஜைமேல் டீ ஃப்ளாஸ்க் இருந்தது. (நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன்.) அதை ஓரமாக நகர்த்திவிட்டு, ஒரு வெள்ளைச் சட்டையை விரித்தார். பள்ளிக்கூட யூனிஃபார்ம்.

"துவைச்சுக் காயப்போட்டது. விரல் வெச்சு இழு, தம்பி."

இழுத்தேன். விரல் கருத்தது.

"பொண்ணுங்க மூணு பேர் எங்கிட்ட வேலை பாக்குறாங்க. யூனிஃபார்ம் ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா அவங்களுக்கு நான் என்ன சொல்றது? விஷயம் குறைவாம். பேனா எடு. எழுதினது நீதானே, நீயே திருத்து."

அத்தனை பேர் முன்னாலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் அடித்துவிட்டு எழுதினேன். எந்த வீடு, எந்த மாடி, எத்தனை மணிக்குக் கரி விழுகிறது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அடுத்தது ஏழுமலை. "விடிகாலைல பாய்லர் பத்த வெச்சாங்கன்னா, வண்டி கண்ணாடி முழுக்க மை பூசின மாரி ஆயிடுது. தொடச்சிகினுதான் மொத சவாரியே. எழுது நைனா." எழுதினேன். ராமநாதன் சார் பதினோரு மனுக்களின் தேதியையும் மனப்பாடமாகச் சொன்னார். ஒரே மாதிரி எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: பாய்லர் பற்றவைக்கிற அந்த ஒரு மணி நேரம். நான்கு நாள் டீ குடித்து நான் கண்டுபிடிக்காததை முக்கால் மணி நேரத்தில் என் கையாலேயே எழுதவைத்துவிட்டார்கள்.

"இப்ப கையெழுத்துப் போடுறோம்" என்றார் நூர்ஜஹான் அக்கா. "இதுக்குக் கீழதான் போடுவோம்."

அதிகாரிக்குப் போகவேண்டிய கையெழுத்துத் தாள் அதுவாகிவிட்டது. வேறு வழியில்லாமல் சந்தானம் சார் அதையே அனுப்பினார். கரியைப் பிடிக்கும் வடிகட்டி வைத்தால்தான் அனுமதி என்று அதிகாரி நிபந்தனை போட்டார். கம்பெனிக்காரர்கள் முனகிக்கொண்டே வைத்தார்கள். கரி அடியோடு நின்றுவிடவில்லை, ஆனால் வெள்ளைத் துணி காயப்போடுகிற அளவுக்குக் குறைந்தது.

என் வேலை? பத்தாவது நாள் சார் கூப்பிட்டார். "உன்னைத் தூக்கிடணும்னுதான் இருந்தேன். ஆனா கையெழுத்தோட முடிச்சுட்டே" என்று சொல்லிவிட்டு, மேலும் ஆறு மாதம் பார்க்கிறேன் என்றார். வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான், ஆனால் கொஞ்சம் வெட்கமும் இருந்தது. ஒரு மனுஷியின் பிழைப்பைப் பற்றி "விஷயம் குறைவு" என்று எழுதிய கை என்னுடையது.

பிற்பாடு என் கல்யாணத்துக்குப் பெண்ணுக்கு ரவிக்கை தைத்தவர் நூர்ஜஹான் அக்காதான். அளவெடுக்கும்போதே முழுக்கதையையும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் விருந்துக்கு வந்தாலும், அவர்கள் கிளம்பியதும் என் மனைவி கேட்பாள்: "பட்டியல் போட்டாச்சா?"

போன வாரம் வீட்டில் ஏதோ சின்ன விஷயத்துக்கு நான் கத்திக்கொண்டிருந்தேன். என் எட்டு வயது மகள் தன் பாட்டுக்கு மேஜையில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். "அப்பா: பசி வந்தால் கோபப்படுவார். அம்மா மேல் கோபம் இல்லை. மன்னிப்புக் கேட்கத் தெரியாது, தோசை வார்த்துக் கொடுப்பார்."

நானும் பேனாவை எடுத்துக்கொண்டு போய் ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றேன். திருத்த ஒரு சொல்கூட இல்லை. அடுப்பைப் பற்றவைத்து, தோசைக்கல்லைப் போட்டேன்.